தரையில் படிந்த கரி: கார்சிகானா தீ வழக்கு

1991 டிசம்பர் 23 காலை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸுக்குத் தெற்கே உள்ள கார்சிகானா என்ற சிறு நகரத்தில் ஒரு மரவீடு தீப்பிடித்தது. ஒரே தளம் கொண்ட சின்ன வீடு. உள்ளே 23 வயது கேமரன் டாட் வில்லிங்ஹாமும் அவருடைய மூன்று பெண் குழந்தைகளும் இருந்தார்கள். மூத்தவளுக்கு இரண்டு வயது, இரட்டையருக்கு ஒரு வயது. மனைவி கிறிஸ்துமஸ் பரிசுகள் வாங்க வெளியே போயிருந்தார். தகப்பன் உயிரோடு வெளியே வந்தார். குழந்தைகள் மூவரும் இறந்தார்கள்.

எட்டு மாதம் கழித்து நடந்த விசாரணையில், வேண்டுமென்றே தீ வைத்து மூன்று பிள்ளைகளையும் கொன்றார் என்று தீர்ப்பானது. 2004 பிப்ரவரி 17 அன்று ஹன்ட்ஸ்வில் சிறையில் விஷ ஊசி போட்டு அவரைக் கொன்றார்கள். வழக்கின் அடித்தளம் தீ விசாரணை அறிக்கைதான். அந்த அறிக்கையில் தீவைப்புக்கு ஆதாரமாகச் சொன்ன எதுவும் அறிவியல்படி நிற்காது என்று பின்னால் அதை ஆராய்ந்த நிபுணர்கள் அடுத்தடுத்து எழுதினார்கள்.

தீ விசாரணைத் தொழிலுக்கு வருகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய வழக்கு இது. மரண தண்டனை சரியா என்ற விவாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. தீயோடு பல ஆண்டு பழகிய, நேர்மையான, அனுபவசாலிகளான இரண்டு பேர் எப்படி இவ்வளவு உறுதியாகத் தவறினார்கள் என்பதுதான் என் கேள்வி.

அன்று காலை நடந்தது

வில்லிங்ஹாம் சொன்னது இது. மனைவி கிளம்பிப் போன பிறகு தூங்கிவிட்டார். மூத்த குழந்தையின் குரல் கேட்டு விழித்தபோது வீடு முழுக்கப் புகை. குழந்தைகள் அறைக்குத் தவழ்ந்து போய்க் கையால் துழாவிப் பார்த்தார், யாரும் அகப்படவில்லை. மேலிருந்து எரிந்த துண்டுகள் விழ ஆரம்பித்ததும் வெளியே ஓடினார்.

பக்கத்து வீட்டார் பார்த்தபோது அவர் முற்றத்தில் வெறுங்காலோடு நின்று கத்திக்கொண்டிருந்தார். தீயணைப்புத் துறைக்குச் சொல்லும்படி அவர்களிடம் கேட்டார். ஒரு கழியால் குழந்தைகள் அறை ஜன்னலை உடைத்தார், தீ வெளியே பாய்ந்தது. இன்னொரு ஜன்னலையும் உடைத்தார். கொஞ்ச நேரத்தில் அந்த அறையின் ஜன்னல்கள் தாமாகவே வெடித்து, சுவாலை வெளியே வீசியது. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலை உடைத்தது எதற்கு உதவியது என்பது பிறகு முக்கியமாகும்.

தீயணைப்பு வீரர்கள் வந்து மூத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அவள் தகப்பனின் படுக்கை அறையில் கிடந்தாள். நெஞ்சை அழுத்தி முதலுதவி கொடுத்தும், மருத்துவமனைக்குக் கொண்டு போயும் காப்பாற்ற முடியவில்லை. வில்லிங்ஹாம் திரும்ப உள்ளே ஓடப் பார்த்ததால் அவரைப் பிடித்து நிறுத்தி, கடைசியில் கைவிலங்கு போட வேண்டியிருந்தது. அவருக்குத் தலைமுடி கருகியிருந்தது, லேசான தீக்காயங்கள் இருந்தன. பாதத்தில் காயம் இல்லை.

நான்கு நாள் கழித்து இரண்டு பேர் அந்த வீட்டுக்குள் நடந்தார்கள். ஒருவர் கார்சிகானா தீயணைப்புத் துறையின் உதவித் தலைவர் டக்ளஸ் ஃபாக். மற்றவர் மாநிலத் தீ விசாரணை அதிகாரி மேனுவல் வாஸ்குவெஸ்.

அவர்கள் கண்டவை

முறை என்னவோ சரியான முறைதான். சேதம் குறைவான இடத்திலிருந்து சேதம் அதிகமான இடத்துக்கு நடக்க வேண்டும். பின்பக்கத்திலிருந்து தொடங்கி, நடைவழி வழியாகக் குழந்தைகள் அறைக்கு வந்தார்கள்.

நடைவழியிலும் குழந்தைகள் அறையிலும் தரை ஆழமாகக் கருகியிருந்தது. கருகல் ஒழுங்கில்லாமல், திரவம் கொட்டிப் பரவிய வடிவத்தில் தெரிந்தது. சுவரின் அடிப்பகுதியிலும் எரிந்த தடம். தீ மேல்நோக்கித்தானே போகும், தரை இவ்வளவு எரிந்தால் தரையில் ஏதோ ஊற்றியிருக்க வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். ஜன்னல் கண்ணாடித் துண்டுகளில் சிலந்தி வலை போல் நுண்ணிய விரிசல்கள் இருந்தன. எரியும் திரவத்தால் சூடு சட்டென்று ஏறினால்தான் கண்ணாடி அப்படி வெடிக்கும் என்பது அந்தக் காலத்துப் பாடம். முன்வாசல் அலுமினியப் படிப்பட்டைக்கு அடியில் மரம் கருகியிருந்தது. வெறும் மரம் எரிந்து அலுமினியம் உருகும் அளவுக்குச் சூடு வராது என்றார் வாஸ்குவெஸ். கட்டில் கம்பிகளின் அடிப்பக்கம் எரிந்திருந்ததும் கணக்கில் சேர்ந்தது.

இப்படி இருபதுக்கு மேற்பட்ட அறிகுறிகள். தீ மூன்று இடங்களில் தனித்தனியாகத் தொடங்கியது என்று முடிவு செய்தார்கள். ஒரே வீட்டில் மூன்று தொடக்கம் என்றால் அது விபத்தாக இருக்க முடியாது. குழந்தைகள் அறையில் ஊற்றி, நடைவழியில் ஊற்றி, முன்வாசல் வரை ஊற்றி, யாரும் உள்ளே நுழைய முடியாதபடி செய்தார் என்று கதை முழுமையாகிவிட்டது.

பல இடங்களில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ஒன்றில் மட்டும் எரியும் திரவத்தின் தடயம் கிடைத்தது, அதுவும் முன்வாசல் படியருகே எடுத்த மாதிரியில். முன் தாழ்வாரத்தில் கரி அடுப்பு ஒன்று இருந்தது. அதைப் பற்றவைக்கும் லைட்டர் திரவத்தில் இருப்பது அதே வகைப் பொருள்தான். உள்ளே, திரவம் ஊற்றியதாகச் சொன்ன நடைவழியிலும் படுக்கை அறையிலும் எடுத்த மாதிரிகள் எதிலும் ஒன்றும் இல்லை.

எனக்கு வழக்கு இங்கேயே தடுமாறுகிறது. கண் சொன்னதை ஆய்வகம் உறுதிசெய்யவில்லை. ஆனால் கண்ணை யாரும் சந்தேகிக்கவில்லை.

நீதிமன்றத்தில் வாஸ்குவெஸ் சொன்னதன் சாரம் இது: தீ ஒரு கதை சொல்கிறது, நான் அதை விளக்கிச் சொல்பவன் மட்டுமே, தீ பொய் சொல்வதில்லை. தான் 1200 முதல் 1500 தீ விபத்துகள் வரை விசாரித்திருப்பதாகவும், சிலவற்றைத் தவிர ஏறக்குறைய எல்லாமே தீவைப்பு என்றும் சொன்னார். எதிர்த்தரப்பு அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு நாள் குறுக்கு விசாரணை செய்திருக்கலாம். ஆயிரத்துக்கு மேற்பட்ட தீயில் கிட்டத்தட்ட எல்லாமே வேண்டுமென்றே வைத்தவை என்றால் ஊரில் கோளாறா, அளவுகோலில் கோளாறா?

அறை எரிவது வேறு, அறைக்குள் எரிவது வேறு

தீயியலில் ஃப்ளாஷோவர் என்று ஒன்று உண்டு. இந்த வழக்கு முழுக்க அதைச் சுற்றித்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு சோபாவில் தீ பற்றுகிறது. சூடான புகை மேலே போய்க் கூரைக்குக் கீழே ஒரு படலமாகத் தேங்குகிறது. படலம் தடிக்கத் தடிக்கக் கீழிறங்கும். இந்தக் கட்டத்தில் மேலே கொதிக்கும், தரையருகே ஓரளவு குளிர்ச்சியாகவும் மூச்சுவிடக்கூடியதாகவும் இருக்கும். தீக்குள் தவழ்ந்து போகச் சொல்வது இதனால்தான். வெறுங்காலோடு ஒருவர் ஓடி வெளியே வந்தாலும் பாதம் சுடாது.

புகைப் படலம் சுமார் 600 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது நிலைமை தலைகீழாகிறது. அந்தப் படலத்திலிருந்து கீழ்நோக்கி வீசும் வெப்பக் கதிர் தரை, விரிப்பு, படுக்கை, நாற்காலி என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பற்றவைக்கும் அளவுக்கு ஏறிவிடுகிறது. சில விநாடிகளில் முழு அறையும் எரிகிறது. அதுவரை அறைக்குள் ஒரு பொருள் எரிந்துகொண்டிருந்தது, இப்போது அறையே எரிகிறது. தரையும் எரியும், சுவரின் அடிப்பகுதியும் எரியும், கட்டிலுக்கு அடியிலும் எரியும். எதையும் ஊற்றத் தேவையில்லை.

அப்புறம் நடப்பதுதான் விசாரணை செய்பவர்களை ஏமாற்றுகிறது. ஃப்ளாஷோவருக்குப் பிறகு அறையில் எரிபொருளுக்குப் பஞ்சமில்லை, காற்றுக்குத்தான் பஞ்சம். அதனால் காற்று வரும் இடத்தில்தான் தீ மூர்க்கமாக எரியும். வாசல்படி, கதவுத் திறப்பு, உடைந்த ஜன்னலுக்கு அடியில் என்று ஆழமான கருகல்கள் உண்டாகும். ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தனித்தனியாகத் தெரியும் இந்தக் கருகல்களைப் பார்த்து மூன்று தொடக்கப் புள்ளிகள் என்று ஒருவர் எழுதினால் ஆச்சரியமில்லை. உண்மையில் அவை தீ எங்கே தொடங்கியது என்று காட்டுவதில்லை, காற்று எங்கே நுழைந்தது என்று காட்டுகின்றன.

இப்போது கார்சிகானாவுக்குத் திரும்புங்கள். தகப்பன் ஜன்னலை உடைக்கிறார், காற்று உள்ளே போகிறது, கொஞ்ச நேரத்தில் மற்ற ஜன்னல்கள் வெடிக்கின்றன. பக்கத்து வீட்டார் தங்களுக்குத் தெரியாமலேயே ஃப்ளாஷோவரை நேரில் பார்த்துச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

அலுமினியம் சுமார் 660 டிகிரியில் உருகும். ஃப்ளாஷோவரைத் தாண்டிய அறையில் 1000 டிகிரி வரை ஏறுவது சாதாரணம். மரம் எரிந்தாலும் பெட்ரோல் எரிந்தாலும் சுவாலையின் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றுதான். பெட்ரோல் வேகமாகப் பற்றும், அவ்வளவே. ஆக, உருகிய உலோகத்தை வைத்து எரியும் திரவம் ஊற்றினார்கள் என்று சொல்ல இடமே இல்லை.

கண்ணாடி விரிசல் கதை இன்னும் மோசம். 1991 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் பெருந்தீ பரவி ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன. எரிந்த வீடுகளில் ஐம்பதை ஜான் லென்டினி என்ற தீ நிபுணரும் சக ஆய்வாளர்களும் சோதித்தார்கள். அந்தத் தீ காட்டுப்புல்லிலிருந்து பரவியது, எந்த வீட்டிலும் யாரும் திரவம் ஊற்றவில்லை. ஆனாலும் பன்னிரண்டு வீடுகளில் அந்தச் சிலந்தி வலை விரிசல் இருந்தது. பிறகு ஆய்வகத்தில் கண்ணாடியைச் சூடாக்கிப் பார்த்தார்கள். எவ்வளவு வேகமாகச் சூடேற்றினாலும் விரிசல் வரவில்லை. சூடான கண்ணாடிமேல் தண்ணீர் தெளித்ததும் வந்தது. தீவைத்தவனின் கையெழுத்து என்று பல ஆண்டுகளாக நீதிமன்றங்களில் காட்டப்பட்டது, தீயணைப்பு வீரரின் குழாயிலிருந்து வந்த தண்ணீரின் வேலை.

ஜாக்சன்வில்லில் ஒரு சோதனை

இதெல்லாம் யாருக்கும் தெரியாத காலம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கார்சிகானா தீக்குப் பத்து மாதம் முன்பே ஃப்ளோரிடாவில் ஒரு பாடம் நடந்து முடிந்திருந்தது.

1990 அக்டோபரில் ஜாக்சன்வில் நகரின் லைம் தெருவில் ஒரு வீடு எரிந்து இரண்டு பெண்களும் நான்கு குழந்தைகளும் இறந்தார்கள். தப்பி வந்தவர் அந்தக் குடும்பத்தின் கணவர், கூடவே மூன்று வயது மகன். இங்கேயும் நடைவழித் தரையில் அதே கருகல் வடிவம், அதே முடிவு: ஊற்றிப் பற்றவைத்தார். மரண தண்டனை கோரும் வழக்கு. சோபாவில் தொடங்கிய தீ என்று அவர் சொன்னதை அரசு நம்பவில்லை.

அரசுத் தரப்பு உதவிக்கு அழைத்த நிபுணர்கள் லென்டினியும், தீ விசாரணைக்கான முக்கியப் பாடநூல் ஒன்றை எழுதிய ஜான் டெஹானும். அதிர்ஷ்டம் என்னவென்றால், அதே தெருவில் அதே அமைப்பில் இன்னொரு வீடு, இடிக்கப்படும் நிலையில் நின்றது. அதே மாதிரி விரிப்பு, அதே மாதிரி சோபா, திரைச்சீலை எல்லாம் போட்டு 1991இல் அந்த வீட்டைச் சோதனையாக எரித்தார்கள். எந்தத் திரவமும் ஊற்றவில்லை, சோபாவில் மட்டும் தீ வைத்தார்கள். ஃப்ளாஷோவருக்குப் பதினைந்து இருபது நிமிடமாவது ஆகும் என்பது எதிர்பார்ப்பு. நான்கரை நிமிடத்துக்குள் வந்துவிட்டது. அணைத்த பிறகு நடைவழித் தரையைப் பார்த்தால், திரவம் ஊற்றியதற்கு அடையாளம் என்று எதைச் சொன்னார்களோ அதே வடிவம்.

வழக்கைக் கைவிட்டார்கள். ஒரு நிரபராதியை மரண தண்டனைக்கு அனுப்பும் நிலைக்கு மிக அருகில் போய்விட்டேன் என்று லென்டினி பின்னால் வெளிப்படையாகவே சொன்னார். எனக்கு இதில் பிடித்தது, சோதனை நடத்தியது எதிர்த்தரப்பு அல்ல என்பது. குற்றத்தை நிரூபிக்க வந்தவர்கள்தான் தங்கள் கருத்தையே எரித்துப் பார்த்தார்கள். அந்தத் துணிச்சல் கார்சிகானாவில் யாருக்கும் வரவில்லை. அங்கே எரித்துப் பார்க்க வேறொரு வீடும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அனுபவம் எதைக் கற்றுத்தரும்

அந்த நாட்களில் அமெரிக்காவில் தீ விசாரணைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் குழாய் பிடித்தவர்கள். தீயணைப்பு வீரராகச் சேர்ந்து, அவசர மருத்துவ உதவியும் கற்று, பல ஆண்டு கழித்து விசாரணைப் பிரிவுக்கு மாறுவது வழக்கமான பாதை. சில வாரப் பயிற்சி, அப்புறம் மூத்தவரோடு சுற்றிக் கற்பது. வேதியியலோ வெப்பவியலோ படித்திருக்க வேண்டியதில்லை.

இந்த மூன்று வேலைகளும் ஒரே சீருடைக்குள் இருந்தாலும் கற்றுக்கொள்ளும் விதத்தில் ஒன்றல்ல. தீயணைப்பில் தவறான இடத்தில் தண்ணீர் அடித்தால் தீ அணையாது, அடுத்த நிமிடமே தெரிந்துவிடும். அவசர சிகிச்சையில் மூச்சுக்குழாய் சரியாக இறங்கவில்லை என்றால் நோயாளியின் நிறமும் கருவியும் சொல்லிவிடும், இல்லாவிட்டால் மருத்துவமனையில் மருத்துவர் கண்டுபிடித்துத் திட்டுவார். இரண்டிலும் தவறு உடனே திரும்பி வந்து ஆளை அடிக்கிறது. இருபது ஆண்டில் நல்ல தொழிலாளி உருவாவது இப்படித்தான்.

விசாரணையில் அப்படி எதுவும் திரும்பி வருவதில்லை. "இது தீவைப்பு" என்று எழுதி அறிக்கை கொடுத்தால் அது தவறு என்று யார் சொல்வார்கள்? வீடு எரிந்துபோயிற்று. குற்றம் சாட்டப்பட்டவர் மறுப்பார், எல்லாரும் மறுப்பார்கள்தானே. ஜூரி அறிக்கையை நம்பிக் குற்றவாளி என்று சொன்னால், அதையே அறிக்கை சரி என்பதற்குச் சான்றாக விசாரணை செய்தவர் எடுத்துக்கொள்வார். தவறு செய்தவருக்கும் சரியாகச் செய்தவருக்கும் ஒரே பாராட்டுதான் கிடைக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட தீயைப் பார்த்த அனுபவம், ஒரே தவறை அத்தனை முறை செய்த அனுபவமாகவும் இருக்கலாம். வாஸ்குவெஸ் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அவர் நம்பினார்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2005இல் லாஸ் வேகஸில் நடந்த ஒரு பயிற்சியில் இரண்டு படுக்கை அறைகளை எரித்தார்கள், ஃப்ளாஷோவருக்குப் பிறகு இரண்டே இரண்டு நிமிடம் விட்டு அணைத்தார்கள். 53 விசாரணை அதிகாரிகளை உள்ளே அனுப்பி, அறையை நான்காகப் பிரித்தால் தீ எந்தக் கால்பகுதியில் தொடங்கியது என்று கேட்டார்கள். முதல் அறையில் சரியாகச் சொன்னவர்கள் மூன்று பேர். இரண்டாவது அறையிலும் மூன்றே பேர். கண்ணை மூடிக்கொண்டு சீட்டு எடுத்திருந்தாலே சுமார் பதின்மூன்று பேர் சரியாகச் சொல்லியிருப்பார்கள். அதாவது அவர்கள் சும்மா ஊகிக்கவில்லை. கற்றுக்கொடுத்த விதி அவர்களை எல்லாரையும் ஒரே தவறான மூலைக்கு, கருகல் அதிகமான மூலைக்கு, அழைத்துப் போனது.

பாதமும் அழுகையும்

வாஸ்குவெஸை ஆரம்பத்திலேயே உறுத்திய விஷயம் பாதம். நடைவழி முழுக்கத் திரவம் எரிந்திருந்தால் வெறுங்காலோடு ஓடியவரின் பாதம் வெந்திருக்க வேண்டுமே, காயம் இல்லையே, ஆகவே பொய் சொல்கிறார் என்றார்கள். வாதம் எப்படிச் சுற்றி வருகிறது பாருங்கள். திரவம் ஊற்றப்பட்டது என்று முதலில் வைத்துக்கொண்டால்தான் காயமில்லாத பாதம் சந்தேகத்துக்குரியது. ஊற்றவில்லை என்றால், அறை ஃப்ளாஷோவருக்குப் போகும் முன் அவர் வெளியே வந்துவிட்டார் என்பதற்கு அதே பாதம் சாட்சி.

சாட்சிகளின் நினைவும் மாறியது, இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். தீ நடந்த உடனே கொடுத்த வாக்குமூலங்களில் அவர் பதறினார், கத்தினார், உள்ளே ஓடப் பார்த்தார். தீவைப்பு என்ற செய்தி பரவிய பிறகு கொடுத்தவற்றில் தீ பெரிதாவதற்குள் காரை நகர்த்தினார், அழுகை நாடகமாகத் தெரிந்தது, உள்ளே போக உண்மையாக முயலவில்லை என்று வந்தன. அவரைப் பிடித்து நிறுத்திய ஊழியரே பின்னால், அவர் முழுக் கட்டுப்பாட்டோடு இருந்ததாகத் தோன்றியது என்றார்.

வில்லிங்ஹாம் நல்ல மனிதர் என்று இங்கே நான் வக்காலத்து வாங்கவில்லை. மனைவியை அடித்தவர், சின்னச் சின்னக் குற்றங்களுக்காகப் பிடிபட்டவர். ஊருக்கு அவரைப் பிடிக்காமல் போக நியாயமான காரணங்கள் இருந்தன. அதனால்தான் அறிக்கையை யாரும் கேள்வி கேட்கவில்லை. வெறுக்கத்தக்க ஒருவர் மேல் தவறான அறிக்கை வந்தால் அதைத் திருத்த ஆளே இருக்காது.

விசாரணை 1992 ஆகஸ்டில் நடந்து சில நாட்களில் முடிந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஆயுள் தண்டனை என்று அரசுத் தரப்பு சொன்னதை அவர் மறுத்துவிட்டார். சிறையில் தன்னிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொன்ன ஒரு கைதி முக்கிய சாட்சி. அந்தக் கைதி பின்னால் தன் சாட்சியத்தைத் திரும்பப் பெற்றார். எதிர்த்தரப்பு ஒரு தீ நிபுணரைக்கூட மேடையேற்றவில்லை. ஜூரிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது.

புத்தகம் வந்தது, படிக்கத்தான் ஆளில்லை

காலக்கணக்கு வேதனையானது. தீ விசாரணையை அறிவியல் முறைக்குக் கொண்டுவரும் வழிகாட்டியான என்.எஃப்.பி.ஏ. 921இன் முதல் பதிப்பு 1992 தொடக்கத்திலேயே வெளிவந்தது. வழக்கு நடந்தது அதே ஆண்டு ஆகஸ்டில். கண்ணாடி விரிசல், தரைக் கருகல், உருகிய உலோகம் ஆகியவற்றை வைத்து மட்டும் தீவைப்பு என்று முடிவுகட்டக் கூடாது என்ற எச்சரிக்கை அச்சில் இருந்தது.

துறை அதை வரவேற்கவில்லை. 1993இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நிபுணர் சாட்சியம் என்றால் அதன் முறை சோதிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று டாபர்ட் வழக்கில் சொன்னது. சில ஆண்டு கழித்து தீவைப்பு விசாரணை அதிகாரிகளின் சர்வதேசச் சங்கம் ஒரு மேல்முறையீட்டில் மனு போட்டது. தங்கள் தொழில் அவ்வளவு அறிவியல்பூர்வமானது அல்ல, ஆகவே அந்த அளவுகோலை எங்கள்மேல் வைக்காதீர்கள் என்பது அதன் வாதம். சரி, ஒத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படியானால் மரண தண்டனை வழக்கில் நிபுணர் என்ற பெயரில் எப்படி உட்காரலாம்? அமெரிக்க நீதித்துறை அமைச்சகத்தின் கையேடு 921ஐ அளவுகோலாக ஏற்றபோது ஆண்டு 2000.

2004 ஜனவரி வாக்கில் வில்லிங்ஹாமின் கோப்பு டெக்சாஸ் வேதியியலாளர் ஜெரால்ட் ஹர்ஸ்டிடம் போனது. கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கியவர், வெடிபொருள் ஆராய்ச்சியிலிருந்து தீ விசாரணைக்கு வந்தவர். அறிகுறிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தீவைப்புக்கு இதில் ஆதாரமே இல்லை என்று எழுதினார். கூலி வாங்கவில்லை. தண்டனைக்குச் சில நாள் இருக்கும்போது அறிக்கை கருணை வாரியத்துக்கும் ஆளுநர் ரிக் பெர்ரியின் அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. வாரிய உறுப்பினர்கள் ஒன்றுகூடிப் பேசவில்லை. தொலைநகலில் வாக்களித்து ஒருமனதாக மறுத்தார்கள். ஆளுநரும் நிறுத்தவில்லை.

அதே 2004 அக்டோபரில், டெக்சாஸிலேயே, ஏறக்குறைய இதே மாதிரி ஆதாரத்தில் மரண தண்டனை பெற்றிருந்த எர்னஸ்ட் வில்லிஸ் 17 ஆண்டுக்குப் பிறகு விடுதலையானார். அவருடைய தீ 1986இல் நடந்தது. மறு விசாரணைக்கு முன் அரசு வழக்கறிஞர் தாமே ஹர்ஸ்டிடம் கருத்துக் கேட்டார், கேட்டதும் வழக்கைக் கைவிட்டார். இரண்டு கோப்புக்கும் நடுவே இருந்த வித்தியாசம், ஒன்றைப் படிக்க ஒரு வழக்கறிஞர் உட்கார்ந்தார் என்பதுதான்.

டெக்சாஸ் தடயவியல் ஆணையம் 2005இல் உருவானது. அது அமர்த்திய நிபுணர் கிரெய்க் பெய்லர் 2009 ஆகஸ்டில் கொடுத்த அறிக்கையில் வாஸ்குவெஸின் அணுகுமுறையை, பகுத்தறிவை விட்டுவிட்டுக் குறி சொல்பவர்களின் பாணிக்குப் போனது என்கிற அளவுக்கு விமர்சித்தார். அவர் ஆணையத்தின் முன் பேச இருந்த கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு ஆளுநர் பெர்ரி ஆணையத் தலைவரையும் வேறு உறுப்பினர்களையும் மாற்றினார், கூட்டம் ரத்தானது. 2011இல் ஆணையம் ஒருவழியாகப் பரிந்துரைகளை வெளியிட்டது. 2005க்கு முந்தைய ஆதாரங்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அதற்கு அதிகாரமில்லை என்று மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் அதே ஆண்டு கருத்துக் கொடுத்தார். ஆனாலும் மாநிலத் தீ விசாரணை அலுவலகம் பழைய தீவைப்புக் கோப்புகளை அறிவியல் குழு ஒன்றோடு உட்கார்ந்து மறுபரிசீலனை செய்ய ஆரம்பித்தது. 2013இல், அறிவியல் மாறினால் பழைய தீர்ப்பைத் திரும்பக் கேட்க வழி செய்யும் சட்டமும் டெக்சாஸில் வந்தது.

முதலில் போகிறவர்கள் குறித்துவைக்க வேண்டியது

இந்த வழக்கில் உண்மையில் பயன்பட்ட சாட்சியம் எரிந்த தரையில் இல்லை, எரிந்துகொண்டிருந்தபோது பார்த்தவர்களிடம் இருந்தது. ஜன்னல் எப்போது உடைந்தது, எது முதலில், யார் உடைத்தது, சுவாலை எந்த அறையிலிருந்து வந்தது. இதைத்தான் முதல் வண்டியில் இறங்குகிறவர் கவனிக்க முடியும். கதவு திறந்திருந்ததா, பூட்டியிருந்ததா. எந்த ஜன்னலை நாம் உடைத்தோம், எது ஏற்கெனவே உடைந்திருந்தது. குழாயை எங்கிருந்து அடித்தோம். எரிந்த இடத்தைக் கிளறி முழுதாக அணைக்கும்போது எந்தப் பொருளை எங்கிருந்து எங்கே இழுத்துப்போட்டோம். காற்றின் பாதை தெரியாமல் கருகலைப் படிக்கவே முடியாது, அந்தப் பாதையைப் பாதி உண்டாக்கியது நாமேதான்.

ஆம்புலன்ஸில் போகிறவருக்கும் இதில் பங்குண்டு. தீக்காயம் உடலில் எங்கே, மூக்கிலும் தொண்டையிலும் புகைக்கரி உண்டா, முடி எந்தப் பக்கம் கருகியிருக்கிறது, ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு. சிகிச்சைக்காக எழுதும் இவை, ஒருவர் எந்த உயரத்தில் எவ்வளவு நேரம் புகைக்குள் இருந்தார் என்றும் சொல்லும். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதலாம். "போதுமான அளவு அழவில்லை" என்பது மட்டும் மருத்துவக் குறிப்பில் வரக் கூடாது. பிள்ளையை இழந்தவர் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு எந்தக் கையேட்டிலும் அளவு கிடையாது.

விசாரணை எழுதுகிறவருக்கு இருக்கும் கஷ்டம் வேறு. 921 தீயின் காரணத்தை வகைப்படுத்தும்போது, தீர்மானிக்க முடியவில்லை என்பதையும் ஒரு முறையான முடிவாகவே ஏற்கிறது. அதை எழுதுவதற்குத்தான் பலருக்குக் கை வராது. வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று மேலதிகாரியும் காப்பீட்டு நிறுவனமும் நினைக்கும். அதனால் மின்கசிவு இல்லை, அடுப்பு இல்லை, சிகரெட் இல்லை, ஆகவே யாரோ வைத்திருக்க வேண்டும் என்று கழித்துக் கழித்துத் தீவைப்புக்கு வருவது நீண்டகாலப் பழக்கம். 2011 பதிப்பு இதை நேரடியாகவே ஏற்க மறுத்தது.

கார்சிகானா வீட்டில் ஹீட்டர் இருந்தது, மின்கம்பிகள் இருந்தன. எது காரணம் என்று ஹர்ஸ்டும் சொல்லவில்லை, பெய்லரும் சொல்லவில்லை. 921இன்படி அன்று அந்தப் படிவத்தை நிரப்பியிருந்தால், காரணம் என்ற இடத்தில் எழுத வேண்டியது 'தீர்மானிக்க முடியவில்லை' என்பது மட்டுமே.